கடைசியாகத் திறந்த நேரம்

சுபத்ராவின் புகைப்படத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் செல்வக்குமாருக்கு முதலாளியின் பழக்கம் நினைவுக்கு வந்தது. அவசரமாக அதை மூடினான்.

முதலாளி ராமசுப்பு அருப்புக்கோட்டையில் பருத்தி வியாபாரம் செய்பவர். எந்த ஃபைலை எப்போது கடைசியாகத் திறந்தார்கள் என்று காலையில் கடைக் கம்ப்யூட்டரில் பார்த்தால்தான் அவருக்குக் காப்பி உள்ளே இறங்கும். அதில் வீட்டுப் படங்களுக்கென்று தனி டிஸ்க் வைத்திருந்தார். சுபத்ரா அவருடைய மகள். தூரத்து உறவில் அவர் இவனுக்கு மாமா முறைதான் என்றாலும், கடையில் முதலாளி முதலாளிதான்.

நேரம் பதிந்துவிட்டதா என்று பார்க்கப் போனவன், கை சும்மா இருக்காமல் படத்தை இன்னொரு தரம் திறந்தான். பெண்ணைப் பிடித்திருந்தது. அதனால் பயம் இன்னும் கூடியது. வேலை போனால் எந்த முகத்தோடு சொந்த ஊரான திருச்சுழிக்கு பஸ் ஏறுவது?

காரியாபட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் நண்பன் தங்கபாண்டிக்குப் போன் போட்டான். அவன் அங்கிருந்தபடியே கடைக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, திறந்த நேரத்தைப் படம் போட்ட நாளுக்கே மாற்றினான். அதோடு விடாமல், அந்த டிஸ்க்கில் மட்டும் திறந்த நேரமே இனிப் பதியாதபடி 'நோஏடைம்' என்று ஒன்றைப் போட்டு மறுபடி இணைத்தான்.

"இனி நாள் பூரா பாத்தாலும் பதியாதுலே. பயப்படாம இரு."

செல்வக்குமார் நாள் பூராவும் பார்த்தான். பயப்படாமல் இருக்கத்தான் முடியவில்லை. முதலாளி தினமும் காலையில் திரையைப் பார்ப்பார், பிறகு இவனைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். முகம் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போனது. கண்டுபிடித்துவிட்டார் என்று இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் கூப்பிட்டே கேட்டுவிட்டார்.

"ஏப்பா, வீட்டுப் படமெல்லாம் போட்டிருக்கேன்ல, எதையும் தொறந்து பாத்தியா?"

"அந்தப் பக்கமே போகல மொதலாளி. எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

சொன்னது போதாதென்று குலதெய்வத்தின் மேல் சத்தியமும் செய்தான். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வேலை தப்பித்தது என்று இவனுக்கு உயிர் வந்தது.

மறுநாள் கணக்கு எழுதும் முத்துலட்சுமி இனிப்புப் பெட்டியை நீட்டினாள்.

"எடுத்துக்கப்பா. சுபத்ராவுக்கு விருதுநகர்ல பேசி முடிச்சாச்சு. நேருல கேட்டு நீ வேண்டாம்னுட்டா சொந்தத்துக்குள்ள சங்கடம்னு, ஒன் கண்ணுல படத்தான் மொதலாளி அந்தப் படத்த அங்க போட்டு வச்சு, நீ தொறந்தியான்னு தெனமும் பாத்துக்கிட்டே இருந்தாக. ஒரு தரமாவது தொறந்திருக்கக் கூடாதாப்பா?"