சக்கரத்தில் நின்ற ஸ்கோர்

"டிங்!"

ஸ்க்ரூடிரைவர் நுனி உரசியது ஒரே ஒரு கம்பியில்தான். பின்பால் விளையாட்டு மெஷினில் ஸ்கோர் காட்டும் கடைசி எண்சக்கரம் ஒரு பல் நகர்ந்து நின்றது. மெக்கானிக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

மெஷின் வருங்கால மாமனாருடையது. அரதப்பழசு. உள்ளே இருக்கிற கம்பிச்சுருள், மணி, பல்சக்கரம் எல்லாம் பளிச்சென்று தெரிகிற மாதிரி பலகையைக் கழற்றிக் கண்ணாடி போட்டுத் தர வேண்டும். நாலு மணிக்குச் சொந்தக்காரர்கள் பார்க்க வருகிறார்கள்; மாமியார் மூலையில் ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நிபந்தனை ஒன்றே ஒன்று.

"வாலிபத்துல நான் ஆடின கடைசி ஆட்டம், மாப்ள. அந்த ஸ்கோர் அப்படியே நிக்குது. அப்புறம் ஒருத்தரையும் ஆட விடல. ஒரு புள்ளி மாறுச்சு... கல்யாணப் பேச்சை மறந்துடுங்க!"

"என்ன சத்தம்?" மாமனாரின் மகள் எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணு கூடிடுச்சு."

"குறைச்சிடுங்க."

"இந்தச் சக்கரம் முன்னாடி மட்டும்தான் போகும். இறங்கி வராது. உங்கப்பா மாதிரி."

முறைத்தாள். "அப்போ இன்னும் ஒன்பது தட்டுங்க. சுத்தி அதே இடத்துக்கு வந்துடும்ல?"

தட்டினான். டிங், டிங், டிங். சக்கரம் ஒன்பதைத் தாண்டியதும் பக்கத்துச் சக்கரத்தையும் ஒரு பல் தள்ளிவிட்டது.

"இப்போ பத்து கூடிடுச்சு!"

"ஐயோ, அந்தப் பக்கத்து ஆளை முதல்ல பிடிச்சு நிறுத்துங்க!"

இரண்டுக்கும் நடுவே தீக்குச்சியைச் செருகினான். குச்சி வழுக்கி வேறேதோ ஸ்விட்சில் விழுந்தது. அடியில் ஒரு மோட்டார் உறுமியது. ஐந்து சக்கரங்களும் சடசடவென்று ஓடி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாகப் பூஜ்யத்தில் நின்றன.

"போச்சு. பழைய நம்பர் என்ன?"

"நீங்க பார்க்கலையா?"

"உன்னைப் பார்த்துட்டு இருந்தேன்."

"நல்லா பார்த்தீங்க! அப்பா அந்தக் கதையை எடுத்தாலே நான் எழுந்து போயிடுவேன். அறுபதாயிரத்துச் சொச்சம்னு ஞாபகம்."

"சொச்சம் எவ்வளவு?"

"போய் அவரையே கேக்கவா?"

"கேளு. அப்படியே வேற மாப்பிள்ளையும் பாரு."

வாசலில் செருப்புச் சத்தம். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு தட்டினான். 63870. கண்ணாடியை மாட்டவும் மாமனார் நுழையவும் சரியாக இருந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"அறுபத்து மூவாயிரத்து எண்ணூத்து எழுபது..." மார்பு விரிந்தது. "அதேதான்! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். மாப்ள, நாளைக்கே தேதி குறிச்சிடலாம்!"

சொந்தக்காரர்களை அழைக்க ஓடினார். மெக்கானிக் தொப்பென்று தரையில் உட்கார்ந்தான். அதுவரை மூலையில் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்த மாமியார், துணியோடு பக்கத்தில் வந்து குனிந்தார்.

"பயந்துட்டீங்களா, மாப்ள? பலகையைத் திறந்து தூசி தட்டும்போது எனக்கும் அது ஓடிடும். ஒவ்வொரு தடவையும் தோணினதைக் கொஞ்சம் கூட்டியே வச்சுடுவேன். நான் கல்யாணமாகி வந்தப்போ அதுல இருந்தது வெறும் நானூத்தி இருபது."