இமையர் பார்த்துத் தந்த சாட்சி

மட்டக்களப்பில் எல்லாரும் ஆளின் முகத்தைப் பார்ப்பார்கள். நாங்கள் இமையர் என்று பட்டம் வைத்திருந்தவர் இமையை மட்டுமே பார்ப்பார். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. எங்கள் விடுதியில் எனக்குப் பக்கத்து அறை. மனிதரின் பெயர் அவருக்கு மறந்துபோகும், இமை மறக்காது. ஒருமுறை பாதிரியார் ஆசீர்வதிக்கக் குனிந்தபோது, "சுவாமி, இடப்பக்க இமையில பொடுகு இரிக்கு" என்றார்.

அறுபதுகளில் நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், கிளாக்கர். காலையில் கண்ணைத் திறக்க முடியாது. இமையோரம் சிவந்து, மயிரடியெல்லாம் செதில். தன்னாமுனையில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் தகப்பன் ஓய்வுபெற்ற வாத்தியார். என் கண்ணை ஒருமுறை பார்த்தார். "பொடியன் குடிக்கிறான்" என்று சொல்லியனுப்பிவிட்டார். நானோ சோடா குடித்தாலே தலைசுற்றுகிறவன்.

செய்தி கேட்ட இமையர் என் இமைமயிர் ஒன்றைச் சட்டென்று பிடுங்கினார். தன் பழைய நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, "பார் மனே" என்றார். மயிரடியில், குட்டைக் கால்களோடு நீளநீளமாக ஐந்தாறு பூச்சிகள் மெதுவாக நெளிந்தன. நான் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழும்பினேன்.

"பயப்படாத. கனபேர்ட இமையில இது இரிக்கும். கூடினாத்தான் கரைச்சல். துணிய இளஞ்சூட்டுத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு, மூடின கண்ணுக்கு மேல வை. பொறகு பிள்ளைச் சவர்க்காரத்தக் கரைச்சு இமையோரத்த மெல்லத் துடை. கசக்கப்படாது. உன்ட துவாய ஒருத்தருக்கும் குடுக்காத."

அடுத்த ஞாயிறு, நுணுக்குக்காட்டியைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். வாத்தியாருக்கு வணக்கம் சொன்னார். அவர் பதிலுக்குக் கைகூப்பி முடிப்பதற்குள் ஒரு இமைமயிர் இமையர் கையில் இருந்தது.

"ஐயோ! என்ன வேலை ஐசே இது?"

"இதுக்குள்ள ஒருக்காப் பாருங்க ஐயா."

வாத்தியார் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது ஆர்ட?"

"உங்கட."

"நான் குடிக்கிறல்லையே!"

"அவனும் குடிக்கிறல்ல."

உள்ளேயிருந்து பெண் சிரித்தது கேட்டது. வாத்தியார் சிரிக்கவில்லை. இமையர் சொன்ன வைத்தியத்தைக் கேட்டுவிட்டு அடுப்பில் தண்ணீர் வைக்கச் சொன்னார், தன் கண்ணுக்கு.

என் கண் தெளிய இரண்டு மாதம் எடுத்தது. கலியாணநாள் அதற்கு முன்பே குறித்தாயிற்று.

அந்த ஞாயிறு திரும்பும் பஸ்ஸில் இமையரைக் கேட்டேன். "அண்ணன், நான் குடிக்கிறனா எண்டு நீங்க ஒருக்காவும் என்னட்டக் கேக்கல்லையே?"

"ஏன் கேக்கோணும்?" என்றார், யன்னலுக்கு வெளியே வாவியைப் பார்த்தபடி.

என் சொந்த அண்ணன்கூடக் கேட்ட கேள்வி அது. இமையருக்கு அது தோன்றவே இல்லை.