உலைக்கு ஒரு கோட்டு, நாய்க்கு ஒரு கோட்டு

உலகத்தில் நாய்க்குப் பயப்படுகிறவர்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்தால் முதல் ஆளாக எங்கள் கவசம் அண்ணன்தான் நிற்பார். இல்லை, நிற்க மாட்டார். அந்த வரிசைக்குப் போகிற வழியில் எங்காவது ஒரு நாய் படுத்திருக்கும். பாதியிலேயே திரும்பியிருப்பார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலை ஒன்றில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். கையுறை, ஹெல்மெட், தோல் கோட்டு எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் போகும். கவசம் அண்ணன் உலைக்காரர். கொதிக்கிற இரும்புக் குழம்புக்குப் பக்கத்தில் நின்று, நீளக் கம்பியால் மேலே மிதக்கிற கசடை வழித்தெடுக்கும் வேலை. ஈரமான இரும்புத் துண்டு ஒன்று உள்ளே விழுந்தால் போதும், குழம்பு வெடித்துச் சிதறும். எங்கள் உலைப் பிரிவில் எல்லோருடைய விரல்களையும் கூட்டி வகுத்தாலும் ஆளுக்குப் பத்து வராது. அப்படிச் சிதறிய ஒரு நாளில் மற்றவர்கள் கேட்டைத் தாண்டி ஓடிவிட்டார்கள். நான் அவர்களுக்கும் முன்னால் ஓடியவன். கவசம் அண்ணன் மட்டும் ஸ்விட்சை அணைத்துவிட்டு, கையில் கிளம்பிய கொப்புளத்தை ஊதிக்கொண்டே வந்து, "நைனா, க்ளவுசு ஓட்டையாயிட்ச்சி, வேற குடு" என்றார்.

அந்த மனிதர் ஆலை வாசலைத் தாண்டினால் வேறு ஆள்.

வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை ஒரு சாலை. ஒரு பக்கம் பழைய இரும்புக் கிடங்குகள். மறுபக்கம் உலைக் கசடைக் கொட்டிய மேடு. கொட்டிய கசடு சீக்கிரம் ஆறாது. மார்கழிக் குளிருக்கு அதைவிட நல்ல மெத்தை கிடையாது என்று அந்த வட்டாரத்து நாய்கள் அத்தனையும் கண்டுபிடித்து வைத்திருந்தன. வெயில் காலத்தில் அதே நாய்கள் லாரிகளுக்கு அடியில் படுத்திருக்கும். ஆக, வருஷம் முழுவதும் அண்ணனுக்கு அது யுத்தகளம்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. கிழிந்த கோட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுக் கோட்டு. அண்ணன் பழசைக் கொடுத்துப் புதுசை வாங்கிய கையோடு ஜன்னலில் சாய்ந்து நின்றார்.

"அந்தப் பழச இன்னா பண்ணுவ?"

"தூக்கிப் போட்ருவேன்ணா."

"என் மேல போடேன்."

அப்படித்தான் அவருக்கு ரெண்டு செட்டும், கவசம் என்ற பட்டப்பெயரும் அமைந்தன. ஒன்று நெருப்புக்கு. இன்னொன்று நாய்க்கு; அது செக்யூரிட்டி அறை ஆணியில் தொங்கும். ஷிப்டு முடிந்ததும் உலைக் கோட்டைக் கழற்றி, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் பூசி, அதற்கு மேல் நாய்க் கோட்டை மாட்டுவார். முழங்கால் வரைக்கும் தோல் உறை, முழங்கை வரைக்கும் கையுறை, தலைக்கு ஹெல்மெட், முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு. அக்னி நட்சத்திரத்து மத்தியானத்தில் இந்தக் கோலத்தில் அவர் நடந்து வருவதைப் பார்த்து பஸ் கண்டக்டர், "யோவ், நெலாவுக்குப் போற பஸ்சு அந்தாண்ட நிக்குது பாரு" என்பார். அண்ணன் அசர மாட்டார். எல்லாவற்றையும் கழற்றிக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்டச் சீட்டில் உட்காருவார். பூசிய பவுடர் கழுத்தில் களிமண்ணாகியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் நாய்கள் அவரை விடாது. சாலையின் இந்த முனையில் ஒன்று குரல் கொடுத்தால் அந்த முனை வரைக்கும் கச்சேரிதான். வெந்த தோல் வாசனை அடித்துக்கொண்டு ஒருத்தர் போனால் நாய் என்ன, பசி நேரத்தில் நானே கடித்துப் பார்த்திருப்பேன். அவை குலைக்கக் குலைக்க இவருக்குப் பயம் கூடியது. பயம் கூடக்கூட என்னிடம் வந்து இன்னொரு தோல் உறை கேட்டார்.

மணவாள நகரில் எங்கள் சூப்பர்வைசர் வீட்டுக் கிரகப்பிரவேசம். அண்ணன் பட்டுக்கரை வேட்டியில் வந்திருந்தார். வேட்டிக்குள் தோல் உறை. பந்தியில் உட்கார்ந்து சாம்பாருக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தபோது, முயல் அளவில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி மேஜைக்கு அடியில் வந்து அவர் காலை நக்கியது. அடுத்த நொடி அண்ணன் பெஞ்சின் மேல் நின்றார், இலையோடு.

"அது ஒண்ணும் பண்ணாதுங்க, கடிக்கவே கடிக்காது" என்றார் சூப்பர்வைசர் மனைவி.

"கடிக்கலன்னா இன்னாம்மா, நக்குதே."

பந்தியே சிரித்தது. எனக்குப் பாயசம் மூக்கில் ஏறியது. அண்ணன் நின்றபடியே மோர் சாதம் வரைக்கும் சாப்பிட்டு முடித்தார். இறங்கியதும் நேராகக் குழாயடிக்குப் போய், தோல் உறைக்கு வெளியே பட்ட எச்சிலைச் சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அதற்கும் சிரித்தோம்.

சிரித்த நான் பெரிய வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் நாய் என்றால் உள்ளங்கால் கூசும். ஆனால் அண்ணன் முன்னால் போனால் மொத்தக் கச்சேரியும் அவரைப் பார்த்துத்தான் நடக்கும். நான் பின்னால் கைவீசி நடந்து போவேன். அப்படியே வருஷங்களை ஓட்டினேன். ஒருநாள் அவருக்குக் காலை ஷிப்டு. எனக்கு அரைமணி தாமதம். சாலையில் நான் தனியாக வந்தேன். ஒரு லாரிக்கு அடியில் செம்மண் நிறத்தில் ஒரு நாய், குட்டிகளோடு. அது தலையைத் தூக்கிப் பார்த்தது. அவ்வளவுதான் செய்தது. மீதியை நான் செய்தேன். ஓடினேன். எந்தப் பக்கம் ஓடினேன் என்கிறீர்கள்? குட்டிகள் இருந்த பக்கம்.

கெண்டைக்காலில் நாலு பல்லும் இறங்கியிருந்தது.

நொண்டிக்கொண்டு ஆலைக்குள் போனதும் வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். கிரேன் ஓட்டுபவர் சுண்ணாம்பு என்றார். கேன்டீன் மாஸ்டர் தட்டு நிறைய மிளகாய்ப்பொடியோடு வந்தார். செக்யூரிட்டிக்காரர், "எங்க ஊருல ஒருத்தரு மந்திரிச்சிக் கயிறு கட்டுவாரு, ஒரே கயிறு, ஊசியே தேவல்ல" என்றார். ஊசியே தேவையில்லை என்ற சொல் எனக்கு அமிர்தமாக இருந்தது. ஊசி என்றால் எனக்கு நாயைவிடப் பயம். தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள் என்று சின்ன வயதில் கேட்டது இன்னும் மறக்கவில்லை. காலை நீட்டி, "மொளகாப்பொடியே வைங்க மாஸ்டர்" என்றேன்.

தட்டு பறந்தது. கவசம் அண்ணன் உலையை விட்டு அப்படியே வந்திருந்தார். கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, என் சட்டைக் காலரைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனார். குழாயை முழுசாகத் திறந்து, துணி சோப்பால் காயத்தைக் கழுவ ஆரம்பித்தார். எரிச்சலில் நான் உதைத்தேன். காலை விடவில்லை.

"போதும்ணா, ரத்தம் நின்னுட்ச்சி."

"போதும்னு நீ சொல்லாத."

கழுவிக்கொண்டே, காயத்தைப் பார்த்தபடியே சொன்னார். அவர் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம் என்பது எங்களுக்குத் தெரியும். அவருக்கு ஒரு அண்ணன் இருந்தது அன்றைக்குத்தான் தெரியும்.

"அவன கடிச்சது இத்தினியூண்டு குட்டி. அவனே தூக்கினு வந்து வளத்தது. வெளையாட்டுல பல்லு பட்டுட்ச்சி. எங்கம்மா மொளகாப்பொடி வச்சிச்சி. ஒருத்தரு கயிறு கட்டினாரு. காயம் ஆறிட்ச்சி, நாங்களும் மறந்துட்டோம். அப்பால ஒரு நாளு ஏரியில படகு தள்ளிக்கினு போறோம். தண்ணியப் பாத்து நடுங்கறான். ஏரிக்காரன், நைனா. நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடி நீஞ்சினவன். 'தண்ணிய அப்பால எடுத்துனு போங்கடா'ன்னு கத்தறான். ஏரிய எங்க எடுத்துனு போறது?"

குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. கேன்டீன் மாஸ்டர் காலித் தட்டைப் பொறுக்கிக்கொண்டு தள்ளி நின்றார்.

"தாகம் தாகம்ன்றான். டம்ளர கிட்ட கொண்டுபோனா தொண்ட இழுக்குது. அப்படியே போய்ட்டான். நாய்க்கு நான் பயப்படலடா. எந்த நாயப் பாத்தாலும் அவன் தொண்டதான் தெரியுது."

எனக்குச் சொல்ல ஒரு ஜோக்கு வந்தது. அதை விழுங்கிவிட்டேன்.

அரசு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். ஆலை வண்டி வெளியே போயிருந்தது. பஸ் நிறுத்தத்தில்தான் ஷேர் ஆட்டோ. அதாவது, அந்தச் சாலை. அண்ணன் செக்யூரிட்டி அறை ஆணியிலிருந்து நாய்க் கோட்டை எடுத்தார். என் மேல் மாட்டினார்.

"அண்ணா, இது உங்களுது."

"ஒரு கடி பட்டவனுக்கு இன்னொண்ணு படக் கூடாது. காலத் தூக்கு."

காயம் படாத காலில் தோல் உறை, கையுறை, ஹெல்மெட், முக மறைப்பு. நான் யானைக்குட்டி மாதிரி நின்றேன். அவர் பனியனும் பேன்ட்டுமாக, வெறும் கையோடு வாசலைத் தாண்டினார். என் தோளைப் பிடித்த பிடியில் தோல் கோட்டே கசங்கியது.

நாய்கள் எழுந்தன. கச்சேரி தொடங்கியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தபடி நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் கண்ணைத் திறந்தார். ஒரு நாய்கூட அவரைப் பார்க்கவில்லை. அத்தனையும் என்னைப் பார்த்துக் குலைத்துக்கொண்டிருந்தன.

அவர் நின்றுவிட்டார்.

"நைனா, கொஞ்சம் அந்தாண்ட போ."

போனேன். நாய்களும் அந்தாண்ட திரும்பின.

"இப்ப இந்தாண்ட வா."

வந்தேன். நாய்களும் வந்தன.

"அண்ணா, காலு வலிக்குதுண்ணா."

"இரு நைனா, ஒரே ஒரு தபா." என் ஹெல்மெட்டையும் முக மறைப்பையும் அவரே கழற்றினார். பிறகு கோட்டு. பிறகு உறைகள். முன்னால் நின்று குலைத்த கறுப்பு நாய் பாதிக் குரலில் நிறுத்தியது. என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, போய்ப் படுத்துக்கொண்டது. அண்ணன் கோட்டைக் கசடு மேட்டில் வீசினார். எல்லா நாய்களும் அங்கே ஓடி, கிடந்த கோட்டைச் சுற்றி நின்று, பின்வாங்கிப் பின்வாங்கிக் குலைத்தன. வால்கள் எல்லாம் காலிடுக்கில்.

"அப்போ இவ்ளோ வருசமா நான்தான் அதுங்கள பயமுறுத்திக்கினு இருந்தனா?"

ஜன்னல் வழியாகக் கோட்டை நீட்டியவனே நான்தானே.

ஊசி தொப்புளைச் சுற்றி இல்லை, கையில்தான். அதற்குள் சந்தோஷப்பட்டுவிட்டேன். காயத்தைச் சுற்றியும் தனியாகப் போட்டார்கள். நான் கத்தியதில் பக்கத்து வார்டில் பிரசவ வலியில் இருந்த பெண்ணுக்கே தைரியம் வந்திருக்கும். "சோப்பு போட்டு நல்லாக் கழுவினது யாரு?" என்று கேட்ட நர்சம்மா, மீதி ஊசிகளில் ஒன்றைக்கூட விடக் கூடாது, கடித்த நாய் பத்து நாள் உயிரோடு நன்றாக இருந்தால் அதற்கு வெறி இல்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பாதியை எனக்குச் சொன்னார். மீதியை அண்ணன் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து தினமும் ஷிப்டுக்கு முன்னால் அந்த லாரிக்குப் போனார். ஐந்தாறடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து, ஒரு பிஸ்கட்டை வீசிவிட்டு நாயை விசாரிப்பார். "இன்னாம்மா, நல்லாகீறியா? தண்ணி குடிச்சியா?" அது பக்கத்திலிருந்த மழைத்தண்ணீர்க் குட்டையில் வாய் வைக்கும் வரை நகர மாட்டார். பிறகு என் ஜன்னலுக்கு வந்து, "அந்தம்மா இன்னிக்கு நல்லா குடிச்சிச்சி" என்பார். மாமியார் உடல்நிலையைச் சொல்கிற மருமகன் தோரணை.

"பயம் போய்ட்ச்சாண்ணா?"

"எங்க போச்சி, அப்படியேதான் கீது. அதுக்கும் என்னப் பாத்தா பயமாத்தான் கீது. ரெண்டு பேரும் உக்காந்துகினு கீறோம்."

ஏழாவது நாள் அவர் ஜன்னலுக்கு வரவில்லை. நானே தேடிப் போனேன். லாரியைப் பின்னால் எடுத்தபோது அந்த நாய் சக்கரத்தில் சிக்கியிருந்தது. குட்டிகள் அதன் வயிற்றில் பால் தேடிக்கொண்டிருந்தன. அண்ணன் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"அந்தம்மா நல்லாதான் கீதுன்னு இனிமே எப்பிட்றா தெரியும்?"

டாக்டர் சொன்னார், நர்சம்மா சொன்னார், ஊசி எல்லாம் சரியாகப் போகிறது, பயமில்லை என்று. நான் நூறு தடவை சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை. நாயைத் தன் கையாலேயே கசடு மேட்டின் ஓரத்தில் குழி வெட்டிப் புதைத்தார். குட்டிகளுக்கு லாரி ஓடாத பக்கமாக ஒரு உடைந்த டிரம்மைச் சாய்த்து வைத்தார். ஒரு குட்டி அவர் விரலை நக்கியபோது கையை உதறவில்லை. அது நக்கி முடித்த பிறகு, வழக்கம்போல் போய்ச் சோப்பு போட்டுக் கழுவினார்.

கடைசி ஊசியும் போட்டாயிற்று. தழும்பு காய்ந்து, இரண்டு மழைக்காலம் வந்து போய்விட்டது. அண்ணனோ தினமும் காலையில் உலைக்குப் போகும் முன்னால் என் ஜன்னலில் நின்று ஒரு எவர்சில்வர் டம்ளரை நீட்டுகிறார். என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, தொண்டையை மட்டும்தான் பார்க்கிறார். எனக்குத் தாகம் இருப்பதில்லை. இருந்தாலும் அண்ணாந்து, மெதுவாக, அவருக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி முழு டம்ளரையும் குடிக்கிறேன்.