ஜன்னல் மூலையும் சாகாத செடிகளும்

இந்த வீட்டில் எனக்கென்று ஒரு மூலை வேண்டும். ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது இந்த முடிவுக்கு வந்தேன். வீரம் ஆறுவதற்குள் அறிவித்துவிட வேண்டும் என்று, வாய் நிறைய நுரையோடு கூடத்துக்குப் போனேன்.

"எனக்கு ஒரு மூலை வேணும்."

மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மூளையா? இப்பவாவது தோணுச்சே," என்றாள்.

வாயைக் கொப்புளித்துவிட்டு வந்து திருத்திச் சொன்னேன். அதற்குள் பாதி வீரம் தண்ணீரோடு போய்விட்டது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். எங்கள் பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. யார் எந்த வேகத்தில் பறந்தாலும் ஒரே மிதி, வண்டி நின்றுவிடும். கல்யாணமான நாளிலிருந்து வீட்டிலும் அப்படி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மனைவி தையல்காரி. அளந்துதான் பேசுவாள். வெட்டியும் பேசுவாள். நடுநடுவே ஊசி ஏற்றுவதும் உண்டு.

எங்கள் படுக்கையறையில் கை இல்லாத சட்டைகள் தொங்கும். சமையலறைக் கதவில் கழுத்து இல்லாத கவுன்கள். கூடத்தின் நடுவில் மெஷின். மிச்சம் இருந்தது ஜன்னல் மூலை ஒன்றுதான். அந்த வெளிச்சத்தில் ஊசிக்கு நூல் கோக்கலாம் என்று அவளுக்கும் அதன்மேல் ஒரு கண். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வீடு மாறும்போது தன் கண்ணாடி மீன்தொட்டியை என் தலையில் கட்டியிருந்தார். அதை அந்த மூலையில் வைக்க வேண்டும். அதில் செடி வளர்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, பச்சையைப் பார்த்துக்கொண்டே எனக்கு வயதாக வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை.

"மீன் வளர்க்கப் போறீங்களா?" என்றாள்.

"மீன் அப்புறம். முதல்ல செடி. தண்ணிக்குள்ளேயே வளர்ற நிஜச் செடி."

"மண்ணுல இருக்குற செடியே உங்களைப் பார்த்தா வாடுது."

"இது சுலபமான செடி."

"சுலபமா வளருமா, சுலபமா சாகுமா?"

பேச்சு முற்றியதும் எதிர்வீட்டு நர்ஸ் அக்காவை நடுவராகக் கூப்பிட்டோம். மூன்று மாதம் கெடு. அன்றைக்குத் தொட்டியில் ஒரு செடியாவது உயிரோடு இருந்தால் மூலை எனக்கு, இல்லாவிட்டால் மெஷினுக்கு. அளவு நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பி, மனைவியே ஒப்பந்தத்தை எழுதினாள்.

"படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"நீ எழுதினதை நான் படிக்கணுமா? நம்பிக்கை இல்லேன்னா என்ன குடும்பம்?"

போட்டேன். ரொம்பப் பெருந்தன்மையாகப் போட்டேன்.

வண்ணமீன் கடைக்காரர் மூன்று செடிகளை எடுத்து வைத்தார். ஜாவா ஃபெர்ன், கிரிப்ட், வேலம்பாசி.

"இதுங்களைக் கொல்றது ரொம்பக் கஷ்டம் சார். ஃபெர்னை மட்டும் மண்ணுல புதைச்சுடாதீங்க, கிழங்கு அழுகிடும். கல்லுல கட்டி வையுங்க. கிரிப்ட் இடம் மாறினா இலையெல்லாம் கரையும், பதறாதீங்க. வேர்ல இருந்து திரும்ப வரும். வேலம்பாசி ஒடிஞ்சா ஒடிஞ்ச துண்டே தனியா வளரும்."

நான் கேட்கவில்லை. நாள் முழுவதும் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறவனுக்குக் காது அவ்வளவாக வேலை செய்யாது. அவர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அதை வீட்டில் எங்கேயோ வைத்தேன்.

ஃபெர்னை நன்றாகக் குழி தோண்டி, கழுத்து வரைக்கும் புதைத்தேன். வேலம்பாசியை நட்டேன். வேர் விட்டிருக்கிறதா என்று தினமும் காலையில் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப நட்டேன். எந்தக் குழந்தைக்கும் இவ்வளவு கவனிப்பு கிடைத்திருக்காது. ஆறாவது நாள் கிரிப்ட்டின் இலைகள் கொழகொழவென்று கரைந்து மிதந்தன.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, அங்கே சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமே இல்லையா?"

"இலை... இல்லை."

"இல்லை இல்லைன்னா, இருக்குன்னு அர்த்தமா?"

"இலைதான் இல்லை. வேற எல்லாம் இருக்கு."

"வேர் எல்லாம் இருக்கா? அப்போ போதுமே."

அவள் ஏதோ தெரியாமல் உளறுகிறாள் என்று நினைத்தேன். செத்ததைச் செய்தித்தாளில் சுற்றி, யாரும் பார்க்காமல் குப்பைக்கூடைக்குள் அமுக்கினேன். மறுநாள் வேலை முடிந்ததும் புதுக் கிரிப்ட் வாங்கி வந்து நட்டேன். அடுத்த வாரம் ஃபெர்ன் கறுத்தது. அதற்கும் செய்தித்தாள். அதற்கடுத்த வாரம் வேலம்பாசி நான்கு துண்டாயிற்று. அதற்கும் செய்தித்தாள். எங்கள் வீட்டில் செய்தித்தாள் படிக்கிற பழக்கமே நின்றுபோயிற்று.

"எத்தனை தொட்டி சார் வச்சிருக்கீங்க? வாரா வாரம் வாங்குறீங்களே," என்றார் கடைக்காரர்.

"இருக்கு, நிறைய," என்றேன்.

இதே சமயத்தில் எங்கள் சமையலறை ஜன்னலில் ஒரு ஜாம் பாட்டில் வந்து உட்கார்ந்தது. தண்ணீருக்குள் ஏதோ பச்சை.

"என்ன இது?"

"புதினா. துளிர்க்க வச்சிருக்கேன்."

ஒன்று நான்காயிற்று. நான்கு பதினொன்றாயிற்று. ஊறுகாய் ஜாடி, மூடி தொலைந்த ஃபிளாஸ்க், நான் பந்தயத்தில் ஜெயித்த கோப்பை, எல்லாவற்றிலும் பச்சை. ஒருநாள் தாகத்தில் ஒரு டம்ளரை எடுத்து அண்ணாந்துவிட்டேன்.

"தண்ணி ஏன் வழவழன்னு இருக்கு?"

"சத்துதான். மீதியை வச்சிடுங்க, அதுக்கு வேணும்."

எதற்கு வேணும் என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு என் தொட்டியைப் பற்றிய கவலை. பாசிமேல் அவ்வளவு பாசம்.

மூன்றாவது மாதக் கடைசி. நாளைக்குத் தீர்ப்பு. தொட்டியில் தண்ணீரும் கூழாங்கல்லும் என் முகத்தின் நிழலும் மட்டும் இருந்தன. பயிற்சிக்கு வந்த பெண்மணியிடம், "இன்னிக்கு உங்களுக்குக் கடைத்தெரு நெரிசல் பாடம்," என்று சொல்லி, வண்டியை நேராக மீன்கடைக்கு விடச் சொன்னேன். அவர் நடைபாதையில் ஒரு சக்கரத்தை ஏற்றினார். என் காலடி பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து இறங்கினேன்.

கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்தார். அதன்மேல் ஒரு ஃபெர்ன், கரும்பச்சையில், தளதளவென்று. இலைகளின் அடியில் குட்டிக் குட்டியாய்ப் புதுச் செடிகள் வேறு தொங்கின. அரக்கு நிற நூலால் கல்லோடு கச்சிதமாகக் கட்டியிருந்தது.

"யாரு கட்டினது இது?"

"ஒரு அம்மா வளர்த்துக் கொண்டுவந்து குடுக்குறாங்க சார். ரெண்டு மாசமா என் கடையில இருக்குறதே அவங்க சரக்குதான். நீங்க வாரா வாரம் வாங்கினதும் அதுதான். ராசியான கை. யாரோ ஒரு கிறுக்கன் உயிரோட இருக்குற செடியையெல்லாம் குப்பையில போடுவானாம். அதை எடுத்துத்தான் வளர்க்கிறாங்க."

"சில பேருக்கு அறிவே இருக்காது," என்றேன்.

"அதைத்தான் அந்த அம்மாவும் சொன்னாங்க."

கல்லைத் தொட்டியில் இறக்கினேன். இந்தத் தடவை தொடவே இல்லை. இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

மறுநாள் மாலை நர்ஸ் அக்கா வேலைக்குப் போகும் வழியில், சீருடையோடு வந்தார். டார்ச் அடித்து ஃபெர்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு இலையை விரலால் அழுத்தினார்.

"உயிர் இருக்கு," என்றார்.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "மூலை எனக்கு. நாற்காலியைப் போடட்டுமா?"

"இருங்க," என்றாள் மனைவி. "அக்கா, நோட்டுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

நர்ஸ் அக்கா மருந்துச் சீட்டு படிக்கிற குரலில் படித்தார். "மூன்று மாதம் கழித்துத் தொட்டியில் உயிரோடு இருக்கும் செடியை வளர்த்தவர் யாரோ, அவருக்கே ஜன்னல் மூலை. செடி இல்லாவிட்டால் மூலை மெஷினுக்கு."

"சரிதானே? வளர்த்தது நான்தானே?"

"எத்தனை நாளா வளர்க்கிறீங்க தம்பி?"

"அது... கொஞ்ச நாளா."

மனைவி மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு நூல்கண்டை எடுத்தாள். அரக்கு நிறம். நர்ஸ் அக்கா அதைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது போன மாசம் என் கவுனுக்கு மிஞ்சின நூலாச்சே," என்றார்.

பிறகுதான் என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனார்கள். ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் வாடிக்கையாளர் துணியில் கட்டுகிற மாதிரி ஒரு துண்டுச் சீட்டு தொங்கியது, நான்தான் கவனித்ததே இல்லை. 'செவ்வாய் - குப்பைக்கூடை - இலை இல்லை, வேர் உண்டு.' 'வியாழன் - செய்தித்தாள் - அழுகினதை வெட்டினது, மிச்சம் நலம்.' 'வெள்ளி - நான்கு துண்டு - நான்கும் பிழைத்தன.' நான் தொலைத்த கடைக்காரரின் தாள் சுவரில் குண்டூசியால் குத்தியிருந்தது. என் கையால் செத்த செடிகள் அத்தனையும் அங்கே குடும்பம் குட்டியோடு வாழ்ந்துகொண்டிருந்தன. நான் செய்தது ஒரே வேலைதான். அவள் வளர்த்ததைக் கடையில் வாங்கி, மறுபடி சாகடித்து, அவளிடமே திருப்பி அனுப்பியது.

"புதினான்னு சொன்னியே."

"உண்மையைச் சொல்லியிருந்தா அதையும் பிடுங்கிப் பார்த்திருப்பீங்க."

இரண்டு கைகளையும் மறுபடி பைகளுக்குள் விட்டுக்கொண்டேன்.

ஜன்னல் மூலையில் இப்போது மெஷின் இருக்கிறது. தொட்டி இருக்கிறது. தொட்டிக்கு மேல் இரண்டு தட்டுப் பலகையில் பாட்டில்கள் இருக்கின்றன. நர்ஸ் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு பழைய அட்டை கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்: 'பார்வையாளர் நேரம் மாலை ஐந்து முதல் ஆறு வரை. நோயாளியைத் தொடாதீர்கள்.'

நேற்று ஐந்தே காலுக்கு, கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகப் போய் நின்றேன். மனைவி மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்:

"உள்ளே இருக்குறவங்களுக்கு நீங்க என்ன உறவு?"