பள்ளக்காட்டுப் பண்ணைக்குட்டை

இந்த வருசம் அரசாங்கத்தின் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிடுவது என்று தங்கப்பாண்டியன் முடிவெடுத்தபோது அவர் வாயில் வேப்பங்குச்சி இருந்தது. துப்பிவிட்டு நேரே அடுப்படிக்கு வந்தார்.

ஆமத்தூர்ப் பக்கம் மூன்று வருசமாக மழை எட்டிப் பார்க்கவில்லை. பருத்தியெல்லாம் கருகிப்போச்சு. மழைத்தண்ணீரைத் தேக்கக் காட்டில் பண்ணைக்குட்டை வெட்டினால் அவசர மானியம் தருகிறார்களாம். ஆனால் ஐந்து ஏக்கருக்குள் வைத்திருக்கிற சிறு விவசாயிக்குத்தான். அவருக்கோ ஏழு ஏக்கர்.

"மூணு ஏக்கரை உம்பேருக்கு எழுதிர்றேன். நான் சிறு விவசாயி ஆயிருவேன். எப்படி?"

"குட்டைய யாரு வெட்டுறது? தீபாவளி சீசன். ஊரே பட்டாசுக் கம்பெனி வேன்ல ஏறிப் போயிருதே" என்றாள் அவர் மனைவி பாண்டிலட்சுமி.

"வெட்டுவானேன்? வீடு கட்டும்போது மேட்டுக்காட்டுல மண்ணெடுத்த பள்ளம் கெடக்குல்ல? ஓரத்தைச் செதுக்கிவிட்டா அதான் குட்டை."

"வர்ற பணம்?"

மோட்டார் சைக்கிள் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "எல்லாம் குடும்பத்துக்குத்தான்" என்றார்.

பாண்டிலட்சுமி தோசையைத் திருப்பிப் போட்டாள். "நல்ல நெலம் எனக்கு எதுக்குங்க? மேட்டுக்காட்டை நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு அந்தப் பள்ளக்காடு போதும்."

பள்ளக்காடு முழுக்க வேலிக்கருவை முள். ஆடுகூட அங்கே யோசித்துத்தான் நுழையும். எம்புட்டு வெள்ளந்தியான பெண்டாட்டி என்று அவர் பூரித்துப்போனார். பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட்ட சூட்டோடு அவளுக்கு அரைக்கிலோ காராச்சேவு வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் விவசாய ஆபீசர் செல்வக்குமார் வந்தார். பள்ளத்தைப் பார்த்தார். தங்கப்பாண்டியனையும் பார்த்தார்.

"என்னய்யா இது, மேட்டுல குட்டை? தண்ணி என்ன ஏணி வச்சா ஏறி வரும்? வடிஞ்சு வந்து சேர்ற எடத்துலதான் வெட்டணும். கீழ இருக்கே, அந்தக் காடு யாருது?"

"என்னுதுதான் சார்!"

மஞ்சள் பையோடு வந்து நின்றாள் பாண்டிலட்சுமி. பையில் பட்டா நகல், பாஸ் புத்தகம், பூர்த்தி செய்த விண்ணப்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு குட்டைதான். அவளுடையது அங்கேயே முடிவாகிவிட்டது.

ஆபீசர் போனதும் அவர் கத்தினார். "ஏ, ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"போன மாசமே மகளிர் குழுக் கூட்டத்துல சொன்னாகளே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீக? சேவுல்ல வாங்கிக் குடுத்தீக!"

மிஷின் கூடாது, ஆள் வேலைதான் என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. விரல் இடுக்கில் ஒட்டிய பட்டாசு வெள்ளிப்பொடி போகாமலேயே குழுப் பெண்கள் மம்பட்டியோடு வந்தார்கள். மற்ற ஆறு நாளும் ஊரில் மிச்சமிருந்த ஒரே ஆம்பளை தங்கப்பாண்டியன்தான் தனியாக வெட்டினார். ஞாயிற்றுக்கிழமையாவது உட்காரலாம் என்றால் குழுவில் இருந்த மாடத்தி விடமாட்டாள்.

"அண்ணே, சட்டிய நெறச்சுத் தூக்குங்க. எங்க கம்பெனியில இப்படி வேலை பாத்தா மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிருவாக!"

வரப்போகிற மானியம் கூலிக்கு இவ்வளவு, பருத்தி விதைக்கு இவ்வளவு என்று பாண்டிலட்சுமி அப்போதே ஒதுக்கிவிட்டாள். வண்டி அவர் கனவில்கூட வருவதை நிறுத்திக்கொண்டது.

ஐப்பசியில் மழை கொட்டியது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். குட்டை தளும்பிக்கொண்டு நின்றது. மூன்று வருசத்துக்கு அப்புறம் அவர் காட்டில் தவளைச் சத்தம். கையில் காய்ந்திருந்த கொப்புளத்தைத் தடவிக்கொண்டார். கோபம் போன இடம் தெரியவில்லை. 'நாம வெட்டுன குட்டையில்ல?' என்று இருந்தது.

மானியத்துக்குப் படம் எடுக்க ஆபீசர் வந்தார். தங்கப்பாண்டியன் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, மீசையை முறுக்கி, கரையில் நடுநாயகமாக நின்றார். தன் பெயர் எழுதிய சிலேட்டை நெஞ்சோடு பிடித்தபடி பாண்டிலட்சுமி அவர் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்:

"ஏங்க, கொஞ்சம் அங்கிட்டுப் போய் நில்லுங்க. படத்துல விவசாயி மட்டுந்தான் இருக்கணுமாம்."