அம்மன் ரதத்துக்கு மூன்று இன்ச் குழாய்

எனக்குக் கெடுதல் செய்தவர் ஜெயபாலன். பெயரை ஆரம்பத்திலேயே எழுதிவைக்கிறேன். கடைசியில் எழுதலாம் என்று விட்டால் வயதான காலத்தில் மறந்துபோகும், அவருக்கு அது வசதியாகிவிடும்.

ஜெயபாலன் எங்கள் மாரியம்மன் கோயில் நிர்வாகக் குழுவின் செயலாளர். முப்பது வருடம் ஆபீஸ் கிராணியாகக் கோப்பும் கடிதமும் எழுதியே ஓய்வு பெற்றவர். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் என்னிடம் ஒரு டர்போ டீசல் ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறது, அவரிடம் இல்லை. ஈப்போவை அடுத்த லகாட் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரமெல்லாம் போய் இப்போது நாற்பத்திரண்டு வீட்டுக் குடியிருப்பாக ஒரு தாமான் நிற்கிறது. ஆடித் திருவிழாவில் அந்த நாற்பத்திரண்டு வாசலுக்கும் ரதத்தை இழுத்துப் போவது என் வண்டி. பதின்மூன்று வருடமாக ஸ்டீயரிங் பிடிப்பது நான். இதைத் தவிர ஊரில் எனக்கு வேறு மரியாதை கிடையாது.

பங்குனியில் சைலன்சரில் ஓட்டை விழுந்தது. சட்டைப் பித்தான் அளவுதான். ரஹீம் பட்டறையில் அரை மணி நேரத்தில் ஒட்டிவிடுவார்கள் என்று வாய் தவறி ஜெயபாலனிடம் சொன்னேன்.

"வண்டி உங்களுது அண்ணே," என்றார். "ஆனா ஆடியில அது அம்மனோடது. அம்மன் விஷயம் முறைப்படிதான் போகணும்."

முறைப்படி என்றால் என்னவென்று அடுத்த வாரம் தெரிந்தது. 'ரத வாகனப் புகைக்குழாய் மேம்பாட்டுத் துணைக்குழு' என்று ஒன்று அமைந்திருந்தது. ஐயாவு தலைவர். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அதனால் நடுநிலையாக இருப்பார் என்று போட்டிருந்தார்கள். பவித்ரன் தொழில்நுட்ப ஆலோசகர். அவன் செல்போனில் வண்டி வீடியோ பார்ப்பவன். முடிவு வரும்வரை ஓட்டையை யாரும் தொடக் கூடாது, தொட்டால் ரதத்துக்கு வேறு வண்டி பார்க்கப்படும் என்று எனக்குக் கடிதம் வந்தது. எதிர் வீட்டு ஜெயபாலனிடமிருந்து, தபாலில்.

துணைக்குழு மூன்று மாதம் கூடியது. அதற்குள் ஓட்டை போத்தல் மூடி அளவுக்கு வளர்ந்தது. பிறகு எல்லாரும் என் வண்டியிலேயே ஏறி ரஹீம் பட்டறைக்கு ஆய்வுப் பயணம் போனோம்.

ரஹீம் பொறுமைசாலி. டர்போ வண்டிக்குக் குழாய் கொஞ்சம் அகலமானால் புகை சுலபமாகப் போகும், இழுவை கூடும், ஆனால் நடுவில் சைலன்சர் வேண்டும், இல்லாவிட்டால் காது போய்விடும் என்றார். பிறகு கேட்டார்: "இந்த வண்டிக்கு என்ன வேலை அண்ணே?"

"ரதம் இழுக்கும்," என்றார் ஐயாவு.

"என்ன வேகத்துல?"

"நடக்கிற வேகத்துல."

"அப்போ பழசையே ஒட்டிடலாம்லா."

'நிபுணர் கருத்து நன்றியுடன் பதிவு செய்யப்பட்டது, ஏற்கப்படவில்லை' என்று ஜெயபாலன் எழுதிக்கொண்டார்.

இப்போது ஈப்போவில் உறுமாத வண்டிக்கு மதிப்பில்லை என்றான் பவித்ரன். மூன்று இன்ச் குழாய் வேண்டும், நடுவில் சைலன்சரே கூடாது. ஜெயபாலனும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். பின்வரிசை வீட்டுக்காரர்கள் வருடா வருடம் ரதம் வந்தது தெரியவில்லை என்று புகார் செய்கிறார்கள். இந்தச் சத்தம் கேட்டால் எல்லாரும் அர்ச்சனைத் தட்டோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். பவித்ரன் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினான். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் பிடித்திருந்தது. நானும் கை தூக்கினேன்.

புதுக் குழாய் மாட்டியதும், கழற்றிய என் பழைய சைலன்சரைக் கோப்புக்குத் தேவை என்று ஜெயபாலன் வீட்டுக்குக் கொண்டுபோனார். நாற்பத்திரண்டு வீட்டுக்கும் சுற்றறிக்கை போனது: 'இவ்வாண்டு முதல் வாகனத்தின் ஓசையே ரத வருகையின் அறிவிப்பாகக் கருதப்படும்.' மேளக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தச் சத்தத்தில் மேளம் கேட்காது, கேட்காத மேளம் எதற்கு?

திருவிழாவுக்கு நான்கு நாள் முன்னால் ஊர்வல அனுமதி வந்தது. வண்டிச் சத்தம் இயல்புக்கு மேல் இருக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி. நியாயமான வரி. பழைய சைலன்சரைக் கொடுங்கள், ஒட்டி மாட்டிவிடலாம் என்று ஜெயபாலனிடம் போய் நின்றேன்.

"தீர்மானத்தை மாத்தணும்னா ஆண்டுக் கூட்டம் வேணும் அண்ணே. அது மாசியில," என்றார். "எஞ்சினை நிறுத்திட்டா சத்தம் இல்லை. நிபந்தனையும் மீறல."

"சத்தம் இல்லைன்னா வீட்ல இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் சுற்றறிக்கை போயிருக்கே."

ஆகவே ஆடித் திருவிழா அன்று சாயங்காலம், மூன்று இன்ச் குழாய் மாட்டிய வண்டியை ரதத்தோடு சேர்த்துப் பதினாறு பேர் தள்ளினார்கள். எஞ்சின் ஓடாமல் ஸ்டீயரிங் கல்லாய் இறுகியிருந்தது, தோள் கழன்றுவிடும்போல இருந்தது. தள்ளியவர்களுக்கு 'ஓம் சக்தி' சொல்ல மூச்சில்லை. அம்மன் அவ்வளவு அமைதியாக எந்த ஊரிலும் பவனி போயிருக்க மாட்டாள்.

முதல் வீட்டு வாசலில் ஆள் இல்லை. உடைந்த தேங்காய் மட்டும் கிடந்தது. இரண்டாவது வீட்டிலும் அப்படியே. பத்தாவது வீடு என்னுடையது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். என் மனைவி மங்களம் விரலை நக்கிக்கொண்டு வந்தாள். வீடெல்லாம் துரியான் வாசனை.

"ரதம் வந்திருக்கு," என்றேன்.

"ரதம் போய் அரை மணி நேரம் ஆச்சுலா."

விசாரித்தால், எங்களுக்கு முன்னால் தாமானின் மேற்கு வாசல் வழியாக ஒரு சீனத் தௌக்கே, பழ வியாபாரி, துரியான் விற்க வந்திருக்கிறார். அவர் வண்டியிலும் அதே மூன்று இன்ச் குழாய். உறுமல் கேட்டதும் நாற்பத்திரண்டு வீடும் தட்டோடு ஓடிவந்து, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அவர் கழுத்தில் மாலையும் போட்டுவிட்டது. அவரும் இது இங்கே வழக்கம்போலிருக்கிறது என்று வீட்டுக்கு ஒரு பழம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த வருடம் பிரசாதம் பிரமாதம் என்று பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பழத்தைப் பார்த்துமா தெரியல?" என்று மங்களத்திடம் கேட்டேன். "அப்போ இது என்ன?"

அவள் ரதத்தையும், அதன்மேல் அம்மனையும், கீழே உட்கார்ந்துவிட்ட பதினாறு பேரையும் பார்த்தாள். "சத்தமே வரலையே," என்றாள். "சுற்றறிக்கையில வேற மாதிரில்ல போட்டிருக்கு."

மாசியில் ஆண்டுக் கூட்டம் நடந்தது. 'நாற்பத்திரண்டு வீடுகளும் ஓசை கேட்டு உரிய நேரத்தில் வாசலுக்கு வந்தன, திட்டம் முழு வெற்றி' என்று ஜெயபாலன் அறிக்கை படித்தார். அடுத்த வருடம் ரதத்தைத் தௌக்கேயின் வண்டியே இழுக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. அவர் சம்மதித்தாராம், ஒரே ஒரு வேண்டுகோளோடு. குழாய்ச் சத்தத்தில் அவருக்குத் தலைவலி, அமைதியான சைலன்சர் ஒன்று கிடைக்குமா என்று கேட்டாராம். கோப்பில் ஒன்று இருப்பதாகச் செயலாளர் தெரிவித்தார். ரஹீம் அதை ஒட்டிக் கொடுத்துவிட்டார். அரை மணி நேரம்தான் ஆனதாம்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தௌக்கே கூட்டத்துக்கு இரண்டு கூடைத் துரியான் அனுப்பியிருந்தார். என் இடது கையில் ஒரு சுளை இருந்தது, வலது கை சும்மாதான் இருந்தது, தூக்கிவிட்டேன்.

ஜெயபாலன் எனக்கு ஒரு சைலன்சர் தர வேண்டும். இன்றுவரை தரவில்லை.