ரவுட்டருக்குப் பொட்டு வைத்த கதை

பக்தி கொஞ்சம் கூடிவிட்டால் கை சும்மா இருக்காது. என் கை அப்படித்தான்.

ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டில் தறி, அதில் ஓடும் நாடா, கத்தரிக்கோல், மிக்சி எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. அந்த வருஷம் மருமகள் கவிதாவின் ரவுட்டரும் சேர்ந்தது. அவள் அப்போதுதான் சென்னை விடுதியை விட்டு வந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். அதுவும் சோதனைக்குத்தான். சரிப்படாவிட்டால் கைக்குழந்தையை விட்டுவிட்டு மறுபடி விடுதி. அதற்காக அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தனி வழி (வி.பி.என். என்றாள்; நான் சிறப்பு தரிசன வரிசை என்று புரிந்துகொண்டேன்) போட்டிருந்தாள். அதில் வரும் தகவல் பொட்டலங்கள் நேராகத் தன் கம்ப்யூட்டருக்கு வந்து சேர, மெனக்கெட்டு உட்கார்ந்து ரவுட்டருக்குக் கட்டளை எழுதியிருந்தாள்.

நமக்குத்தான் பூஜை, அவளுடைய வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இல்லையே. மத்தியானம் முக்கியமான கூட்டம். "வயரை மட்டும் புடுங்கிடாதீங்க மாமா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

நான் பிடுங்கவில்லை. ரவுட்டரின் விளக்குகள் எரிய எரியவே திருநீறு பூசினேன். பொட்டுக்கு இடம் தேடினால், பின்பக்கம் சின்னதாக ஒரு துளை. (பொட்டுக்கென்றே விட்ட மாதிரி!) விரல் நுழையவில்லை. ஊதுபத்திக் குச்சியில் சந்தனம் தொட்டு, உள்ளே அழுத்தி, கண்ணை மூடி ஐந்தெழுத்தை நிதானமாகச் சொன்னேன்.

கண்ணைத் திறந்தால், எல்லா விளக்கும் ஒன்றாக மின்னி மின்னி அணைகின்றன.

"சரசு, ஓடியா! சாமி ஏத்துக்கினாரு பாரு!"

என் மனைவியும் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஈரத் தலையோடு வந்த கவிதா குச்சியைப் பார்த்தாள், துளையைப் பார்த்தாள். "மாமா... அது ரீசெட் பட்டன். நான் போட்டு வெச்சதெல்லாம் அழிஞ்சிடுச்சு."

"நான் பொட்டுதாம்மா வெச்சேன்..."

அவள் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "கூட்டத்துக்கு வரலன்னா, கெளம்பி சென்னைக்கே வந்துடுன்னுடுவாங்க மாமா."

தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தாள். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, காமாட்சியம்மனை வேண்டியபடி ரவுட்டர் பக்கம் நகர்ந்தேன்.

"கிட்ட போவாதீங்க!" என்றாள் சரசு. "வேண்டிக்கிறதயும் தூரமா நின்னே வேண்டிக்குங்க."

வழி திறந்தபோது கூட்டம் பாதி முடிந்திருந்தது. காரணம் கேட்ட அதிகாரியிடம் கவிதா உள்ளதைச் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "உங்க மாமனாரக் காட்டுங்கம்மா" என்றார் அதிகாரி. நெற்றி நிறையத் திருநீறும் தோளில் குழந்தையுமாகத் திரைக்கு முன்னால் நின்று கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். கவிதா இன்றும் வீட்டில்தான் வேலை பார்க்கிறாள்.

ஆயுத பூஜைக்கு அந்தத் துளைமேல் பிளாஸ்திரி ஒட்டித்தான் ரவுட்டரை என்னிடம் தருகிறாள். அதுகூடப் பரவாயில்லை. போன உற்சவத்தில் தேர் ராஜ வீதியில் நகராமல் நின்றுவிட்டது. ஊரே கைகூப்பி நிற்க, சரசு என் காதோரம் கேட்டாள்:

"ஏங்க, நீங்க எங்கியும் பொட்டு வெக்கலியே?"